அந்த மரம் எங்கள் வயலில் இல்லை

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும், அவர்களுக்குக் கதை எழுதித் தருகிறவர்களுக்கும், பண்டிகை நாளில் எந்தப் படத்தைப் போடுவது என்று முடிவு செய்கிற தொலைக்காட்சி நிலையத்தாருக்கும்,

இந்தப் பொங்கலன்று காலை பதினொரு மணிக்கு என் மாமியார் தொலைக்காட்சியில் எங்கள் வயலைப் பார்த்தார். வயலின் நடுவில் ஒரு பட்ட மரம் நின்றது. மரத்தில் ஒரு விவசாயி தொங்கினார். பொங்கல் பானையை இறக்கி வைத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. திரையின் மூலையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வரைந்து, உழவர் திருநாள் சிறப்புத் திரைப்படம் என்று எழுதியிருந்தார்கள்.

மாமியாருக்கு எண்பத்தொரு வயது. அவர் அழவில்லை. என் பக்கம் திரும்பி, "நம் வயலில் மரம் ஏது?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

வயல் எங்களுடையதுதான். திருவாரூர் மாவட்டத்து நீடாமங்கலம் வட்டத்தில், கோரையாற்றுப் பாசனத்தில் ஒன்பது மா. மூன்று ஏக்கர் என்று சொன்னால்தான் புரியும் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரையில் படப்பிடிப்புக் குழு ஒன்று வந்து, வெடித்துக் கிடக்கும் வயல் வேண்டும் என்று கேட்டது. நாளுக்கு ஐயாயிரம் வீதம் மூன்று நாள். உளுந்து பிடுங்கி முடித்து வயல் சும்மா கிடந்த நேரம். சரி என்றேன். எந்தக் குழு, எந்தப் படம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு குழுவைத் திட்டித் தீர்த்துவிட்டு ஓய்வது என் நோக்கமில்லை. அவர்களுக்கு முன்பும் பின்பும் இதே மரத்தை வேறு வேறு வயல்களில் உங்களில் பலர் நட்டிருக்கிறீர்கள்.

மரம் லாரியில் வந்தது. நெல் விளையும் வயலுக்கு நடுவில் எங்கள் பக்கம் யாரும் மரம் விட மாட்டார்கள். நிழல் விழுகிற இடத்தில் கதிர் பிடிக்காது. பனையோ வேம்போ பூவரசோ எல்லாம் வரப்போரமும் வாய்க்கால் கரையும்தான். அந்தக் கஷ்டம் புரிந்துதான் கையோடு ஒரு மரம் கொண்டுவந்திருந்தார்கள். இலையே இல்லாத, கிளைகள் வானத்தைப் பார்த்து முறுக்கிக்கொண்டு நிற்கிற மரம். அடியில் இரும்புச் சட்டம். குழி தோண்டி, சிமெண்டும் ஜல்லியும் கொட்டி நிறுத்தினார்கள். சாயங்காலம் ஒரு மாட்டு மண்டையோட்டைக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார்கள். எடுத்துப் பார்த்தேன். முறத்தைவிட லேசாக இருந்தது.

உதவி இயக்குநர் ஒரு தம்பி. நல்ல பிள்ளை, வெயிலில் நின்றவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாரா என்று பார்த்துப் பார்த்துக் கேட்டவர். அவரிடம் கதை என்ன என்றேன்.

"ஒரு விவசாயி இறந்துவிடுகிறார் அம்மா."

"எதனால் தம்பி?"

"வறட்சி அம்மா."

"குறுவையிலா, சம்பாவிலா?" எந்த நெல் போகம் என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அவ்வளவு விவரம் தேவைப்படாது அம்மா. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இறந்துவிடுவார்."

வெடித்த வயலைக் கண்டதும் நீங்கள் ஏன் இப்படிப் பரவசப்படுகிறீர்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எங்கள் களிமண் பூமி பங்குனி, சித்திரையில் வெடிக்கும். களம் கொள்ளாமல் நெல் விளைந்த ஆண்டிலும் வெடிக்கும். வெயில் மண்ணுக்குள் இறங்கினால்தான் நல்லது என்பார்கள் பெரியவர்கள். அந்தச் சமயத்தில்தான் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டிவந்து கிடை போடுவார்கள். கோடை மழை ஒன்று விழுந்தால் ஓர் உழவு ஓட்டுவோம். தூங்குகிற வயலைப் படம் பிடித்துக்கொண்டு போய்ப் பிணம் என்று காட்டுகிறீர்கள்.

டெல்டாவில் வறட்சி பச்சை நிறத்தில் வரும். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்து வறட்சியைப் பற்றித்தான் படம் எடுப்பதாகச் சொல்கிறீர்கள்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2016இல் செப்டம்பர் 20ஆம் தேதிதான் திறந்தார்கள். குறுவை போயிற்று. சம்பாவையாவது பிடித்துவிடலாம் என்று நம்பி இறங்கினோம். எங்களுக்குக் காவிரி கோரையாறு என்ற பெயரில்தான் வரும். கல்லணையில் பிரிகிற வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடியும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அப்படிப் பிரிந்து பிரிந்து எங்கள் மடைக்கு வரும்போது தண்ணீர் கணுக்காலுக்குக்கூட இல்லை. ஐப்பசி மழை வரும் என்று இருந்தோம். வரவில்லை. கார்த்திகையும் ஏமாற்றியது. மார்கழியில் பயிர் பொதி கட்டி, கதிரை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சை. உங்கள் ட்ரோனில் பார்த்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். இறங்கிப் போய் ஒரு தூரைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்: கதிர் வெளியே வரத் தெம்பில்லாமல் தொண்டையிலேயே வெளுத்துச் செத்திருக்கும். அடுத்த வயல்காரர் ஒருநாள் காலையில் ஒன்றும் பேசாமல் நின்ற பயிரில் ஆடுகளை இறக்கிவிட்டார். ஆடுகளுக்கு அன்று திருவிழா. அவர் வரப்பில் நின்று, வழிதவறிப் பக்கத்து வயலுக்குள் போகிற ஆடுகளை மட்டும் ஒழுங்காகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வயல் எங்களுடையது. அதிலும் ஒன்றும் இல்லை.

என் கணவர் 2017 ஜனவரி 4ஆம் தேதி காலையில் மடையைப் பார்க்கப் போனார். வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்திருந்தார். அவ்வளவுதான். ஆறு நாள் கழித்து, ஜனவரி 10ஆம் தேதி, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. இப்போதும் அவருடைய திதியும் பொங்கலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டுதான் வருகின்றன.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சினிமாவே வேண்டாம் என்கிற கிழவி இவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் ஊர் டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பேய்ப் படம் பார்த்தவள் நான். படம் விட்டு, அரிக்கேன் விளக்கோடு வரப்பில் வரிசையாக வீட்டுக்கு நடக்கும்போது கடைசி ஆளாக நடக்க யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். அந்தப் பயம் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பயம். அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

பன்னிரண்டு வயதில் வேறு மாதிரி ஒரு படம் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தூர்தர்ஷனில் பிற மொழிப் படங்கள் போடுவார்கள். பஞ்சாயத்துத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அந்த நேரத்தில் மொத்தமாக எழுந்து போய்விடும். இடத்துக்குச் சண்டை இல்லை என்பதற்காகவே நான் உட்கார்ந்திருப்பேன். மொழி தெரியாது. கீழே ஓடுகிற ஆங்கிலமும் படிக்கத் தெரியாது. அன்று வந்த படத்தில் ஒருவன் தன் மாட்டை விற்றுவிட்டு வருகிறான். மறுநாள் எழுந்து, மாடில்லாத கட்டுத்தறியைக் கூட்டுகிறான். கூட்டிக்கொண்டே இருக்கிறான். பாட்டு இல்லை, பின்னணியில் ஓசை எதுவும் இல்லை, துடைப்பச் சத்தம் மட்டும். எனக்கு எரிச்சலாக வந்தது. இதெல்லாம் ஒரு படமா என்று எழுந்து வந்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்துபோய் எங்கள் கொட்டிலில் மாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தேன். அந்தப் படத்தின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கணவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு எங்கள் கறவை இரண்டையும் விற்றோம். வைக்கோல் இல்லை. மறுநாள் விடியலில் கொட்டிலில் துடைப்பச் சத்தம் கேட்டது. எழுந்து போனேன். அவர் கூட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும் கூட்டினார். நான் தடுக்கவில்லை. எதற்கு என்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எனக்கு அதைக் காட்டியிருந்தார். முகம் தெரியாத, மொழி தெரியாத அந்த இயக்குநருக்கு நான் இன்றும் கடன்பட்டவள்.

சினிமா ஒருவரைத் தூங்கவிடாமல் செய்யலாம். செய்ய வேண்டும் என்றே சொல்வேன். இன்னொரு படம் என்னை இதைவிட மோசமாக உலுக்கியது. அதில் ஒரு சின்ன மிராசு வீடு. வேலைக்கு வந்தவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் தனிக் குவளையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை, வீட்டுக்காரி சிரித்த முகமாகத்தான் ஊற்றுகிறாள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் கொல்லைத் தாழ்வாரத்தில், கூரை இறவாணத்தில், நடவாட்களுக்கென்று மாமியார் காலத்திலிருந்து செருகி வைத்திருந்த நான்கு அலுமினியக் குவளைகள் இருந்தன. அதுவரை அவற்றை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் பொய், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் படத்தை எடுத்தவர் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அவருக்கும் நன்றி.

கீழ்வெண்மணி எங்களுக்குப் பஸ் ஏறிப் போகிற தூரம்தான். கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25ஆம் தேதி ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த ஊர். இந்த மண்ணில் நின்றுகொண்டு நீங்கள் 'விவசாயி' என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லும்போது யாரைச் சொல்கிறீர்கள்? வெள்ளை வேட்டியும் மீசையுமாக ஒருவர் வருகிறார். அவருக்கு மண்ணும் தெய்வம், மாடும் தெய்வம். அவர் வயலில் நட்டது யார், களை பறித்தது யார், அவர்களுக்கு என்ன கூலி என்று உங்கள் கேமரா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. வயல் வைத்திருக்கிற பெண்ணையும் பார்த்ததில்லை. நான் ஒன்பது ஆண்டுகளாக ஒற்றை ஆளாகச் சாகுபடி செய்கிறேன். உங்கள் படங்களில் என் வேலை நெஞ்சில் அடித்துக்கொள்வது.

அதற்கும் அன்று ஆள் எடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து நாற்பது பெண்கள். நாளுக்கு ஐந்நூறு, மதியம் பிரியாணிப் பொட்டலம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார், ஒப்பாரி சொல்வதில் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றவர். இழவு வீட்டில் அவர் குரல் எழும்பினால் வீம்புக்கு நிற்கும் பங்காளிகூடக் கண்ணைத் துடைப்பான். அவரை முன்னால் உட்காரவைத்துப் பாடச் சொன்னார்கள். பாட்டி கேட்டார்: "செத்தவர் பெயர் என்ன? எனக்கு என்ன முறை?"

ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கையிலிருந்த தாளில் அவருக்குப் பெயர் இல்லை. 'விவசாயி' என்று மட்டும் இருந்தது.

"பெயர் இல்லாமல் யாரைக் கூப்பிட்டு அழுவது தம்பி?" என்றார் பாட்டி. ஏதாவது ஒரு பெயர் சொல்லுங்கள் பாட்டி என்றார்கள். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, வயிற்றுவலியில் இருபது வயதில் செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் இருக்கும். நாற்பது பெண்களும் நிஜமாகவே அழுதோம். குடை பிடித்துக்கொண்டு நின்ற பையனும் அழுதான். படத்தில் அது நான்கு வினாடி வருகிறது, மேலே வயலின் இசை ஓடுகிறது. படத்தின் பெயர்ப் பட்டியலில் கேமராவுக்குக் கிரேன் வாடகைக்கு விட்டவர் பெயர் இருக்கிறது. பாட்டியின் பெயர் இல்லை. அவர் தம்பிக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த இழவு அந்த நான்கு வினாடி.

படம் வந்தபோது ஊரே வேன் பிடித்து மன்னார்குடிக்குப் போனது. நானும் போனேன். மறைப்பானேன், ஆசைதான். முதல் கால் மணி நேரம் கொட்டகையில் ஒரே சிரிப்பு. நம் வேப்பமரம், நம் மதகு, அதோ நம் ஆச்சி. பிறகு அந்தக் காட்சி வந்தது. மரம், அதில் அவர், கீழே நாங்கள். இசை ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று பறை மாதிரி ஏதோ அதிர்ந்தது. தூரத்தில் புழுதி, புழுதிக்குள் ஒரு ஜீப், ஜீப்பிலிருந்து ஒரு கால் இறங்குகிறது. கதாநாயகர் மெதுவாக, மிக மெதுவாக நடந்து வருகிறார். கொட்டகை கிழிந்துவிடும் போல விசில். முன்வரிசையில் காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். திரையில் நாயகர் முகம் தெளிவாக இருந்தது. அவருக்குப் பின்னால், மங்கலாக, செத்தவரின் பாதங்கள் தெரிந்துகொண்டே இருந்தன. இடைவேளை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் எழுந்து போனான். ஏதோ வாங்கப் போகிறான் என்று நினைத்தேன். அப்பா போனபோது மூன்றாம் வகுப்பு படித்தவன், இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. படம் மறுபடி ஆரம்பித்தும் வரவில்லை. தேடிக்கொண்டு போனால் வண்டி நிறுத்துமிடத்தில் யாருடைய வண்டி மேலோ உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "விசில் அடித்ததில் நம் ஊர்ப் பையன்களும் இருந்தார்கள் அம்மா." பிறகு, "நானும் வேறு படங்களுக்கு இப்படி அடித்திருக்கிறேன்."

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விசில் அடிக்கும்படி நீங்கள் அளந்து வைத்த இடத்தில் அவர்கள் அடித்தார்கள். ஒரு சாவை நாயகரின் வருகைக்கு விரிக்கிற ஜமக்காளமாக ஆக்கியது யார்? எனக்கு நேர்ந்த நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரிக் காலை எனக்குச் சத்தமே இல்லாத ஒரு நினைவாக இருந்தது. வரப்பு, செருப்பு, மண்வெட்டி. படம் பார்த்த அன்றிலிருந்து அதை நினைத்தால் பின்னால் உங்கள் வயலின் இசை கேட்கிறது. எவ்வளவு முயன்றும் நிறுத்த முடியவில்லை.

மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம், உண்மையாகவே சொல்கிறேன். ஒரு படத்தில் நாயகர் நாற்று நட்டுக்கொண்டே முன்னால் நடந்தார். எங்கள் நடவுப் பெண்கள் பின்னால் போய்க்கொண்டே நடுவார்கள். முன்னால் நடந்தால் நட்டதை எல்லாம் மிதித்துக்கொண்டல்லவா போக வேண்டும். இந்த நகைச்சுவை எங்களுக்கு ஒரு சம்பா முழுக்க ஓடியது. யாராவது வரப்பில் தடுக்கினால் "நடவு நடுகிறாயா?" என்போம். ஒகேனக்கல் பரிசலைத் தஞ்சாவூர் ஆற்றில் ஓட்டுவது, நாற்றங்காலுக்குப் பின்னால் விளைந்த கதிர் தெரிவது, டிராக்டரை வரப்பின் மேலேயே ஏற்றிப் போவது எல்லாம் எங்களுக்குப் பொழுதுபோக்கு. பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் எட்டு வயதுக் குழந்தை விவசாயி சாகிற பாட்டைப் பாடுகிறது, நடுவர்கள் கண்ணைத் துடைப்பதை மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள், உடனே குளிர்பான விளம்பரம். அதற்கு எழுந்துபோய்த் தொலைக்காட்சியை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

உங்களுக்கு நாடகம் வேண்டும் என்றால் எங்களிடம் இல்லாமல் இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். நெல்லைக் கொட்டி வைத்துத் தார்ப்பாய் போட்டுக் காவல் இருப்போம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை ஏறாது. மேற்கே மின்னல் வெட்டும். களத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்ப்பார்கள். 2021 பொங்கல் சமயத்தில் மழை விடாமல் கொட்டி, அறுக்கவேண்டிய கதிர் சாய்ந்து தண்ணீருக்குள் முளைவிட்டது. தங்க நிறம், நடுவில் வெள்ளை முளை. வறட்சியைவிட அது கொடுமையாக இருந்தது. பத்து நாளில் வீட்டுக்கு வரவேண்டிய நெல் அது. இதில் வில்லன் யார் என்று உங்களுக்குத் தெரியாததால் இதைப் படமாக எடுப்பதில்லை. எங்களுக்கும்தான் தெரியவில்லை, யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல்தான் வரப்பில் உட்கார்ந்துவிடுகிறோம்.

உங்கள் படத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தால் உடல்நலத்துக்குக் கேடு என்று கீழே எழுத்து வருகிறது. ஒரு மாட்டை நடக்கவிட வேண்டுமானால்கூட விலங்குகள் நல வாரியத்திடம் அனுமதி வாங்குகிறீர்கள். அது நியாயம்தான். எங்கள் ஊர் விவசாயி ஒருவர் தொங்கும்போது திரையின் அடியில் ஒன்றுமே இல்லை. அதே நேரத்தில் கடன் நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னது?

நான் கேட்பவை இவை.

விவசாயியின் சாவை நாயகர் வருவதற்கு முன்னால் வைக்காதீர்கள். சாவைக் காட்டியே தீர வேண்டும் என்றால் அவருக்கு ஒரு பெயர் வையுங்கள். என்ன பயிர் வைத்திருந்தார், எத்தனை மா, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் அவர் வயலில் நட்டார்கள் என்று எழுதுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள். அப்படி ஒரு காட்சி வரும் படங்களில், புகைக்குப் போடுகிற மாதிரி, 104, 14416 என்ற உதவி எண்களைத் தமிழில், படிக்கிற அளவில் போடுங்கள். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தை வைத்துக் கதை எழுதுகிறவர் நாற்றங்காலில் ஒரு முறை, பயிர் பொதி கட்டும்போது ஒரு முறை, கொள்முதல் நிலையத்தில் ஒரு முறை என்று மூன்று தடவையாவது இங்கே வந்து தங்க வேண்டும். உள்ளூர் ஆள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் தப்பு என்றால் கேளுங்கள். அது நடவுக்குப் போகிற பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. ஒப்பாரியோ தெம்மாங்கோ எங்கள் குரலில் எடுத்தால், பாடியவர் பெயரைப் படத்தில் போட்டு, துணை நடிகர் கூலி என்றில்லாமல் பாடகர் கூலி கொடுங்கள். எங்கள் தெருப் பாட்டிக்கு அதைக் கொடுப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவருக்கு எண்பது நெருங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொலைக்காட்சி நிலையத்தாரே, தை முதல் நாளில் எங்கள் வீட்டுக்குப் பிணத்தை அனுப்பாதீர்கள். உழவர் திருநாள் என்று போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் சிரிக்கிற படமாகப் போடுங்கள். முன்னால் நடந்துகொண்டே நாற்று நடுகிறவர் படத்தைக்கூடப் போடலாம், நாங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம்.

கடைசியாக, வயலை வாடகைக்கு எடுத்தால் எடுத்தபடி திருப்பிக் கொடுங்கள் என்று எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். படப்பிடிப்பு நடந்த 2024இல் மேட்டூர் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தது. தண்ணீர் வந்து நடவு இறங்கியபோது பிளாஸ்டிக் தட்டும் மண்டையோட்டுத் துண்டும் மிதந்தன. நட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தியின் காலில் மூன்று அங்குல ஆணி ஏறியது. ஊசி போட்டு, நான்கு நாள் கூலி இழந்து, அவள் மறுபடி எங்கள் வயலில்தான் வந்து இறங்கினாள். அந்தப் பணத்தை நான் கொடுத்துவிட்டேன், அது வேண்டாம். மரத்தை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதை நிறுத்திய சிமெண்டுக் கட்டி மட்டும் மண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. ஆளுயரத்தில் பாதி ஆழம். உழவு இயந்திரம் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்தபின் சித்திரையில் வயல் காய்ந்திருக்கும். மரத்தை நட்டவர்களுக்குத் தெரியும் அது எங்கே என்று. ஜூன் 12க்கு முன்னால் ஆள் அனுப்பித் தோண்டி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் வட்டத்திலிருந்து,
ஒன்பது மாவில் சாகுபடி செய்யும் ஒருத்தி